16 கேள்வியும் 1,200 மாணவர்களும்: இளையோரிடம் சைக்கோசிஸின் தொடக்கத்தைக் கேள்வித்தாளால் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் மாணவர் ஆலோசனைப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார். இந்த ஆண்டு முதலாண்டில் 1,200 பேர் சேர்ந்திருக்கிறார்கள். சைக்கோசிஸின் ஆபத்து யாருக்கு இருக்கிறது என்று தேடும் ‘பிக்யூ-16’ என்ற 16 கேள்வித் தாளைத் தமிழாக்கி, கூகுள் ஃபார்மில் எல்லோருக்கும் அனுப்பி, 6 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வருகிறவர்களின் பெற்றோரை வரவழைக்கலாமா? சென்ற ஆண்டு ஒரு மாணவனுக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை; வீட்டில் கோயில் கோயிலாக அழைத்துப்போய், படிப்பு நின்ற பிறகுதான் மருத்துவரிடம் வந்திருக்கிறான். இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

அந்தக் கவலை முழுக்க நியாயமானது. சைக்கோசிஸ் என்பது எது நிஜம், எது மனம் காட்டுவது என்ற பிரிவினை குலைந்துபோகும் நிலை. பெரும்பாலும் பதினாறு பதினேழு வயதிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டுகிறது. தொடங்கியதற்கும் முதல் முறையான சிகிச்சைக்கும் நடுவே எவ்வளவு காலம் கடந்துபோகிறதோ, அவ்வளவுக்கு மீள்வது கடினமாகிறது. அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் உண்மையான பலன் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் வேண்டாம். அதே தாளை வேறு விதமாகப் பயன்படுத்தினால் உதவும்.

முதலில் அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 92 கேள்விகள் கொண்ட பழைய தாளைச் சுருக்கி நெதர்லாந்தில் உருவாக்கி, 2012-ல் வெளியிட்டார்கள். வேறு மனக் கஷ்டங்களுக்காக ஏற்கெனவே மனநலச் சேவையைத் தேடி வந்த, 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 3,533 பேரிடம் அந்தப் பழைய தாளைக் கொடுத்து, அவர்களின் பதில்களைக் கொண்டுதான் 16 கேள்வியாகச் சுருக்கினார்கள். புதிய தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆமாம் அல்லது இல்லை. ஆமாம் என்றால் அது எவ்வளவு தொந்தரவு தருகிறது என்று 0 முதல் 3 வரை. 6 ஆமாம் என்பதை எல்லையாக வைத்தபோது, விரிவான நேர்காணலில் ஆபத்து நிலை, அதாவது சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு அதிகமுள்ள நிலை, அல்லது சைக்கோசிஸே இருப்பதாகத் தெரியவந்தவர்களில் 87 சதவீதத்தினரைத் தாள் பிடித்தது. இரண்டும் இல்லாதவர்களில் 87 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. இந்த இரண்டு 87-ஐயும் பார்த்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே வந்தவர்கள் உதவி தேடி வந்தவர்கள். உங்கள் முதலாண்டு மாணவர்கள் பி.காம் படிக்க வந்தவர்கள்.

கணக்குப் போட்டால் விளங்கும். 1,200 பேரில் உண்மையிலேயே ஆபத்து நிலையில் இருப்பவர்கள் 2 சதவீதம், அதாவது 24 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவர்களில் 21 பேரைத் தாள் பிடிக்கும். மீதி 1,176 பேரில் 13 சதவீதம், ஏறக்குறைய 153 பேர், ஒன்றும் இல்லாமலே 6-ஐத் தாண்டுவார்கள். உங்கள் கையில் 174 பெயர் இருக்கும். எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் விஷயம் இருக்கும். அந்த 174 வீட்டுக்கும் போன் போட்டு “உங்க பிள்ளைக்கு மனநோய் அறிகுறி இருக்கு” என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெண் பிள்ளை என்றால் அந்த வாரமே படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு.

இதே தாளை, ஒரு வருடத்தில் உங்கள் ஆலோசனை அறைக்குத் தானாக வந்த அல்லது ஆசிரியர்கள் அனுப்பிய 60 பேருக்கு மட்டும் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, 12 பேருக்கு, ஆபத்து நிலை இருந்தால் தாள் 10 பேரைப் பிடிக்கும். தவறாக 6 பேரைப் பிடிக்கும். 16 பேரோடு உட்கார்ந்து பேசுவது ஒரு ஆசிரியரால் ஆகக்கூடிய காரியம். தாள் ஒன்றுதான், யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

இன்னொரு பிரச்சினை கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது. பதினாறும் ஒரே எடை கொண்டவை அல்ல. முன்பு பிடித்தது இப்போது பிடிக்கவில்லை. புது ஆட்களைப் பார்த்தால் கடும் பதற்றம். இது முன்பே நடந்த மாதிரி இருக்கிறது. காதில் ‘ஙொய்’ என்கிறது. தூரத்துச் சத்தம் திடீரென்று கவனத்தை இழுக்கிறது. நடந்தது நிஜமா கற்பனையா என்று குழப்பம். இந்த ஆறும் அதில் இருக்கின்றன. பேரையூரிலிருந்து முதல்முறையாக விடுதிக்கு வந்து, தூக்கம் கெட்டு, இரவெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீட்டை நினைத்து அழுகிற ஒரு பிள்ளை இந்த ஆறுக்கும் உண்மையாகவே ஆமாம் போடும். மதிப்பெண் 6. அங்கே சைக்கோசிஸின் நிழல்கூட இல்லை. மாறாக இன்னொருவன் மூன்றே ஆமாம் போட்டிருப்பான்: யாரோ கிசுகிசுப்பது கேட்கிறது, விளம்பரப் பலகைகள் எனக்கென்று எழுதப்பட்டவை, என் எண்ணங்கள் என் கட்டுப்பாட்டில் இல்லை. தொந்தரவு மூன்றிலும் 3. எல்லையின்படி இவன் தப்பிவிடுகிறான். கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைப்பதுதான் நடக்கிற தவறுகளிலேயே பெரியது. எந்தக் கேள்விக்கு ஆமாம், எவ்வளவு தொந்தரவு என்று தாளைப் படிக்க வேண்டும். அயர்லாந்தில் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஏழே கேள்விகள் கொண்ட ஒரு தாளைச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலோ சத்தமோ கேட்டிருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்விதான் அதில் மிக நன்றாக வேலை செய்தது.

பள்ளி வயதுக்கு இறங்கினால் இன்னும் நிதானம் வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் கணக்கிட்டபோது, இப்படிப்பட்ட அனுபவங்கள் 9 முதல் 12 வயதில் 17 சதவீதத்தினருக்கும், 13 முதல் 18 வயதில் 7.5 சதவீதத்தினருக்கும் இருந்தன. பெரும்பாலோருக்கு அவை தாமாக வந்து தாமாகப் போய்விடும். “உடம்பின் பாகங்கள் மாறிவிட்டது போல் தோன்றுகிறதா” என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். அந்த வயதில் உடம்பு மாறத்தான் செய்கிறது.

தமிழாக்கம். இதில்தான் நம் ஊரில் அதிகம் சறுக்குகிறது. ‘கேட்கிறது’ என்ற ஒரே சொல் காதில் விழுவதற்கும் வருகிறது, வினவுவதற்கும் வருகிறது. “மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் உங்களுக்குக் கேட்டதில்லையா?” என்று எழுதிவிட்டால் ‘இல்லை’ என்ற பதிலுக்கு இரண்டு பொருள். “மனசுக்குள் ஒரு குரல்” என்று எழுதினால் பிள்ளைகள் மனசாட்சியை நினைத்துக்கொண்டு ஆமாம் போடுவார்கள். “பக்கத்துல ஆளே இல்லாதப்ப, யாரோ பேசுறதோ கிசுகிசுக்குறதோ காதால கேட்ட மாதிரி இருந்துச்சா?” என்று பேச்சுத் தமிழில், எதிர்மறை இல்லாமல், ஒரு கேள்விக்கு ஒரு விஷயம் என்று எழுதுங்கள். முறை இதுதான்: ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், எங்கே பொருள் நழுவியது என்று ஒப்பிட வேண்டும், பிறகு பத்துப் பதினைந்து மாணவர்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் காட்டி “இதுல என்ன கேக்குறாங்கன்னு நீ நினைக்கிற?” என்று விசாரிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தாளை உருவாக்கியவர்களின் அனுமதியும் கேட்டுப் பெற வேண்டும். தலைப்பில் ‘சைக்கோசிஸ்’ என்று போடாதீர்கள். அந்தச் சொல்லின் முதல் பாதி நம் வகுப்பறைகளில் ஒரு வசைச்சொல்.

இவ்வளவும் செய்தாலும், நெதர்லாந்தின் 6 என்ற எல்லை உசிலம்பட்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதற்குத் தாளில் அதிகம் வாங்கியவர்களை மட்டுமல்ல, குறைவாக வாங்கியவர்களிலும் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, மதிப்பெண் தெரியாத ஒரு மருத்துவர் நேர்காணல் செய்ய வேண்டும். அது ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து செய்ய வேண்டியது. அதுவரை 6 என்பதை ஒரு கைகாட்டியாக மட்டும் வையுங்கள்.

கேள்விகள் சரியாகப் புரிந்தாலும் ஊர் வழக்கத்தால் வரும் ஆமாம்கள் தனி. மாசிக் களரியிலோ ஊர்ப் பொங்கலிலோ அருள் வந்து ஆடுகிற குடும்பத்துப் பிள்ளை, “உங்களைச் சுற்றி ஒரு சக்தி இருப்பதாக உணர்ந்ததுண்டா” என்பதற்கு என்ன சொல்லும்? கருப்பசாமி காவலுக்கு நிற்கிறார் என்று நம்பி வளர்ந்த பிள்ளைக்கு அது நோய் அல்ல, துணை. ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்பாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்குப் பெயர் கூப்பிட்ட மாதிரி கேட்பது அபூர்வமில்லை. தூக்கத்துக்குள் போகும்போதும் விழிக்கும்போதும் உருவங்கள் தெரிவது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் அசைய முடியாமல் கிடப்பது, அதாவது ‘அமுக்குவான் பேய்’, தூக்கத்தின் கோளாறு. பாட்டி இறந்த மாதத்தில் பாட்டி குரல் கேட்பது துக்கம்.

வழக்கத்துக்குள் அடங்கியதா, வழக்கத்தை மீறியதா என்று பிரிக்க நல்ல வழி, அந்த வீட்டுப் பெரியவர்களையே கேட்பது. அருள் என்றால் நேரம் உண்டு, இடம் உண்டு, உடுக்கையும் கொட்டும் உண்டு. திருநீறு பூசியதும் மலையேறிவிடும். மறுநாள் அவர் வழக்கம்போல் வயலுக்குப் போவார். செவ்வாய்க்கிழமை மதியம் பேருந்தில், யாருமே எதிர்பாராதபோது, கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிற குரல் வருகிறது என்றால் சாமியாடியே “இது சாமி இல்லைய்யா” என்று சொல்லிவிடுவார்.

சந்தேகம் பற்றிய கேள்விகளிலும் இதே கவனம் வேண்டும். “மற்றவர்கள் எனக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள்” என்று எழுதும் மாணவன் சாதிப் பிரச்சினையில் நிஜமாகவே மிரட்டப்பட்டிருக்கலாம். மாணவியை ஒருவன் தினமும் பின்தொடரலாம். தென் மாவட்டங்களில் இதை முதலில் விசாரிக்காமல் நோய்க்கணக்கில் எழுதுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். விளம்பரம் எனக்கென்றே வருகிறது என்பதும் அப்படித்தான். போனில் செருப்பு தேடினால் ஒரு வாரம் செருப்பு விளம்பரம் வருவது உண்மை. திருப்பரங்குன்றம் சாலையில் நிற்கும் பிளெக்ஸ் போர்டு என்னைப் பற்றிப் பேசுகிறது என்றால் அது வேறு.

ஆகவே ஆமாம் வந்த பிறகு நடக்கும் பேச்சுதான் வேலையின் நெஞ்சுப் பகுதி. அரை மணி நேரம், கதவு சாத்திய அறை, மேசைக்குக் குறுக்கே அல்லாமல் பக்கவாட்டில் நாற்காலி. “நீ இதுக்கு ஆமாம்னு போட்டிருக்க. கடைசியா எப்ப அப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு” என்று தொடங்குங்கள், பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். பிறகு எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம். தூக்கச் சடவிலா, காய்ச்சலிலா, கஞ்சாவோ போதைக்காக வலி மாத்திரையோ எடுத்தபோதா, நிதானமாக இருக்கும்போதா. அதற்கு அவன் கொடுக்கும் விளக்கம் என்ன, “உன் மனசோட வேலையா இருக்கலாமோ?” என்று கேட்டால் “இருக்கலாம் மிஸ்” என்கிறானா, “இல்லை, நிஜம்தான்” என்று அடித்துச் சொல்கிறானா. அதனால் எதையாவது செய்திருக்கிறானா: ஜன்னலை அடைத்தது, சாப்பாட்டை மறுத்தது, போனை உடைத்தது. கடைசியாக, தவறாமல், சாக வேண்டும் என்று தோன்றியதா, குரல் ஏதாவது செய்யச் சொல்கிறதா. இதைக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அப்படி ஆவதில்லை. இத்தகைய அனுபவமுள்ள இளைஞர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம் என்பதால் கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

மருத்துவர்கள் பயன்படுத்தும் நேர்காணல் கருவிகளில் ஒன்றின் அளவுகோல் உங்களுக்கும் உதவும். கடந்த ஒரு வருடத்துக்குள் தொடங்கியது அல்லது மோசமானது, கடந்த மாதம் வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்தது, இது நிஜம்தானா என்ற சந்தேகம் அவனுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் ஆபத்து நிலை. சந்தேகமே இல்லாத முழு நம்பிக்கை, வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு மாதமாக என்றால் அது தொடக்கம் அல்ல, நோயே வந்துவிட்டது. நடத்தை கட்டுமீறியோ ஆபத்தாகவோ இருந்தால் இந்த நாள் கணக்கும் வேண்டாம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குச் சைக்கோசிஸ் இருந்து, பிள்ளையின் படிப்பும் நடமாட்டமும் ஒரு வருடத்தில் பெரிதாகச் சரிந்திருந்தால், குரல் கேட்காவிட்டாலும் அனுப்ப வேண்டும்.

தாள் யாரைத் தவறவிடும்? தன் நோய் நோயாகத் தெரியாத கட்டத்துக்குப் போய்விட்டவரை. அவர் கேட்கும் குரல் அவருக்கு நிஜமான குரல். “மற்றவர்களுக்குக் கேட்காத” என்ற கேள்விக்கு நேர்மையாகவே இல்லை என்பார். சந்தேகம் முற்றியவர் உங்கள் தாளையே சதியின் பகுதி என்று நினைத்துப் பதினாறுக்கும் இல்லை போடுவார். பூஜ்யம் வாங்கிய தாள் கையில் இருக்க, ஆள் கண்முன்னே குளிக்காமல், தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தாளை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். மெல்ல மெல்ல ஒதுங்கிப்போகிறவர்களையும் இது பிடிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்தவனுக்கு ஒரே செமஸ்டரில் நாலு அரியர், கிரிக்கெட்டை விட்டான், இரவு முழுக்க விழிப்பு, நண்பர்கள் “முன்ன மாதிரி இல்ல மிஸ், வெறிச்சுன்னு பாக்குறான்” என்கிறார்கள். உங்கள் 1,200 பேருக்கான சல்லடை வேண்டுமென்றால் அது கூகுள் ஃபார்மில் இல்லை. வருகைப் பதிவேட்டிலும், விடுதிக் காப்பாளரிடமும், அறைத் தோழர்களிடமும் இருக்கிறது. துறைக்கு ஓர் ஆசிரியரை இதற்குப் பழக்கினால் தாளைவிட அதிகம் பலன் கிடைக்கும்.

கூகுள் ஃபார்முக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர் கேட்காவிட்டால் உதவி தேவைப்படுகிறவரைத் தேடிப் பிடிக்க முடியாது. பெயர் கேட்டால் பக்கத்து பெஞ்சுக்காரன் எட்டிப் பார்க்கும் வகுப்பில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். காகிதத்தில், தனி அறையில், ஒருவராக, பத்து நிமிடம். 18 நிரம்பாதவர்கள் முதலாண்டில் நிறைய இருப்பார்கள். பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துச் சம்மதமும் மாணவரின் சம்மதமும் இரண்டும் வேண்டும். அந்தரங்கத்தை எப்போது மீற வேண்டிவரும் (உயிருக்கு ஆபத்து என்றால்) என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் தாளைக் கொடுக்கும் முன்பு அனுப்புமிடம் தயாராக இருக்க வேண்டும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு எழுதி வையுங்கள். மனநலப் பணிக்காக 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில்தான் இருக்கிறது. தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமானஸ் சேவையின் எண் 14416, கட்டணமில்லை. இதைத் தயார் செய்யாமல் தாள் கொடுப்பது, காயத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டுப்போடாமல் அனுப்புவது.

சில நிலைகளில் தாளே வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று ஆள் மாறிப்போய், காய்ச்சல், வலிப்பு, இடம் நேரம் தெரியாத குழப்பம் என்றால் மூளையழற்சி போன்ற உடல் நோயாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே அவசர சிகிச்சைக்கு. சாகச் சொல்லும் குரல் கேட்கிறவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம்.

வீட்டில் பேசும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அதைச் சொல்லும் தகுதி தாளுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. “ஒரு மாசமா சரியா தூங்கல, சாப்பிடல, பயப்படுறான். டாக்டர் ஒரு தடவை பார்த்துட்டா நல்லதுங்க” என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். முனி அடித்தது, செய்வினை என்று அவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். பாண்டி கோயிலுக்குப் போகட்டும். வியாழக்கிழமை மருத்துவமனைக்கும் வரட்டும். கோயிலா மருத்துவமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் பல வீடுகள் கோயிலைத்தான் தேர்ந்தெடுக்கும், நாம் மாதங்களை இழப்போம். சங்கிலியில் கட்டிவைப்பதை மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் தப்ப முடியாமல் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது.

ஆபத்து நிலை என்று மருத்துவர் சொன்னாலும் அது தீர்ப்பு அல்ல. சிறப்பு மையங்களில் தொடர்ந்து பார்த்தவர்களில் மூன்று வருடத்துக்குள் சைக்கோசிஸுக்குப் போனவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். பிரிட்டனின் 2014 வழிகாட்டி, இந்தக் கட்டத்தில் நோயைத் தடுப்பதற்கென்று சைக்கோசிஸ் மாத்திரை கொடுக்க வேண்டாம், பேச்சு சிகிச்சையும் குடும்பத்தோடு சேர்ந்த ஆலோசனையும் கொடுங்கள் என்கிறது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றைச் சரிசெய்வதும், கஞ்சாவை நிறுத்துவதும் அவசியம். நோயே வந்துவிட்டவருக்கு மாத்திரை அவசியம், அதில் தயக்கம் கூடாது.

தாளில் ஆமாம் வந்து, பேசிப் பார்த்ததில் அனுப்பும் அளவுக்கு இல்லை என்று தோன்றியவர்களை ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேளுங்கள். வரவில்லை என்றால் வகுப்புக்குப் போய்த் தேடாமல் நண்பன் மூலம் சொல்லி அனுப்புங்கள். விடைத்தாள்கள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். துறைத்தலைவர் கேட்டாலும் காட்ட வேண்டாம். சிகிச்சைக்குப் போன மாணவரின் வருகைக் குறைவுக்கு மருத்துவச் சான்று வாங்கும்போது நோயின் பெயர் இல்லாமல் ‘மருத்துவக் காரணம்’ என்று மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் கல்லூரி அலுவலகத்தில் நாலு பேர் மேசையைத் தாண்டித்தான் கோப்புக்குப் போகும்.